கண்ணே மூடலை

பஸ் ஓட்டுகிறவளுக்கு வண்டியில் தூக்கம் வரலாமா? வந்துவிட்டது. சிக்னலில் நின்ற பஸ்ஸில், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, பின்னால் அத்தனை ஹாரனும் அலற, கண்டக்டர் வந்து தோளை உலுக்கும்வரை தூங்கினாள். டிப்போ மேனேஜர் திட்டக்கூட இல்லை. "வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாம்மா. இன்னொரு தடவை இப்படி நடந்தா வண்டியைத் தொட விடமாட்டேன்" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம்.

தூக்கமாம், தூக்கம்! ஏழு மாதக் குழந்தை அவளை எங்கே தூங்க விட்டது? இருட்டினால் போதும், அந்தப் பொடிசுக்குக் கொண்டாட்டம். சிரிக்கும், உருளும், கீழே விட்டால் ஊரைக் கூட்டும். வெந்நீரில் குளிப்பாட்டினாள், தோளில் போட்டுக் கால் வீங்க நடந்தாள், தொண்டை கட்டும்வரை பாடினாள். ம்ஹூம். தடுப்பூசி போட்ட நர்ஸ், "பகல்ல ரொம்பத் தூங்குதா? வெளிச்சத்துல வச்சு விளையாட்டுக் காட்டுங்க, ராத்திரி தூங்கும்" என்றாள்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது புருஷன். அவனுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. தினமும் கேட்பாள், "பகல்ல தூங்குச்சா?" என்று. "எங்க? கண்ணே மூடலை" என்பான். மாமியார் வேறு போனில், "அவன்கிட்ட சமத்தா இருக்கு, உன்கிட்ட மட்டும் ஏன்டி அழுவுது?" என்று வாய் கூசாமல் கேட்டாள். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று இவளும் நம்பித் தொலைத்தாள்.

அன்றைக்கு டிப்போவிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. ஜன்னலில் கம்பளியைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். தரையில் விரித்த பாயில் அப்பன் குறட்டை விட, பக்கத்தில் பிள்ளை மல்லாந்து அசந்து தூங்கியது. கம்பளியை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தாள்.

"கண்ணே மூடாத லட்சணம் இதுதானா?"

அவன் அலறிப் புடைத்து எழுந்தான். "கத்தாத, முழிச்சிடும்!"

"முழிக்கட்டும்!"

"நானும் மனுஷன்தானே? ராத்திரி பூரா மெஷின் முன்னாடி நிக்கிறேன். நான் எப்பத்தான் தூங்கறது?"

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வழி பாத்திருப்போமே! தினம் தினம் பொய் சொல்லி, லாயக்கில்லாத அம்மான்னு என்னையே நம்ப வச்சீங்களே! இன்னிக்கு நின்ன வண்டியில தூங்கினேன், தப்பிச்சேன். ஓடற வண்டியில கண்ணு சொருகியிருந்தா? ஒரு பஸ் ஜனம் பின்னால உக்காந்திருக்குங்க!"

குழந்தை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, இருவரையும் பார்த்துச் சிரித்தது. அதை வாரி அவன் கையில் திணித்தாள்.

"வெளிய கூட்டிட்டுப் போங்க. நாலு மனுஷங்களைப் பாக்கட்டும். குட்டித் தூக்கம் போட்டா போடட்டும், வெளிச்சத்துல போடட்டும். ராத்திரி வேலைக்கு லீவு சொல்லிடுங்க. முழிச்சா நீங்கதான் தூக்கணும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு அந்தப் பாயிலேயே படுத்தாள். வீடு கப்சிப்பென்று இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கோபத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. விடிந்தால் முதல் டிரிப் அவளுடையது.