நீக்கப்படுகிறது

1

இந்தக் கதையை நான் எழுதுவதற்கு ஷஃப்ரில்தான் காரணம். எங்கள் ஊரான பாயகும்பூவின் காப்பிக் கடையில், டோமினோ காய்களை மேசையில் அறைந்தபடி, அவன் இதை இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்லும் கதையில் நான் ஒரு கணினியின் முன்னால் அழுகிறேன். கீழ்வீட்டு எல்ஃபினாவின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன்.

நான் அழவில்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. மாவட்ட நில அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு எழுத்தராக இருந்தவன் நான். வாய்ச்சொல்லுக்கு எதிரே ஒரு தாள் இருந்தால் தாள்தான் செல்லுபடியாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் மட்டும் அமைய மறுக்கிறது.

சாகோ மலையின் அடிவாரத்தில், வயல்கள் சூழ்ந்த—

(விட்டேன். பேருந்து நிலையத்தில் ஒட்டும் விளம்பரம் போலிருக்கிறது.)

என் தங்கை மகள் ரஹ்மியின் திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுடைய கணினியில் ஒரு சிறு—

("சிறு" என்பது பொய்.)

நான் திங்கட்கிழமை இறந்தேன்.

(இதுதான் நல்ல தொடக்கம். ஷஃப்ரில் வாசித்தால், "பாத்தீங்களா, அவரே எழுதிக் குடுத்துட்டாரு" என்பான். சொல்லட்டும். அவனுக்காக ஒரு நல்ல வாக்கியத்தை நான் ஏன் இழக்க வேண்டும்?)

2

நான் எப்படி இறந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குல வழக்கப்படி வீடும் வயலும் பெண்களுடையவை. தாய்மாமன் அவற்றுக்குக் காவல். எங்கள் பெரிய வீட்டுக்கு இப்போது நான்தான் காவல். என் குலத்தலைமைப் பட்டம் டத்துக் பண்டாரோ குனிங். எனக்கு முன்னால் இதே பட்டத்தை என் தாய்மாமா வைத்திருந்தார். அவர் போனபின் எனக்கு வந்தது. ஆள் மாறினாலும் பட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது.

திருமண அழைப்பிதழின் உள்தாளை வீட்டிலேயே அச்சடிப்பது என்று ரஹ்மி முடிவு செய்தாள். கடைசி நாள்வரை பெயர்கள் கூடிக்கொண்டே போகும் அல்லவா? தன் அக்காவின் பழைய அழைப்பிதழை எடுத்து, மணமக்கள் பெயரையும் தேதியையும் மாற்றினாள். அழைப்போர் வரிசையில் "டத்துக் பண்டாரோ குனிங்" ஏற்கெனவே இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள். அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது. அது என் மாமாவுக்கு உரியது; அப்போது பட்டம் எனக்கு வந்திருக்கவில்லை.

இருபத்துமூன்று பெயர்களைச் சிவப்பு மையால் நான்தான் சரிபார்த்தேன். ஒருவருடைய பெயரில் விட்டுப்போன ஒற்றெழுத்தைக்கூடப் பிடித்தேன். என் பட்டத்தின் பக்கம் மட்டும் கண் போகவில்லை. தன் பட்டத்தை யார் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள்?*

திங்கட்கிழமை நாற்பது தாள்கள் வந்தன. ஒன்றை என் தங்கை பெருமையோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை நான் காப்பிக் கடைக்குள் நுழைந்தபோது ஷஃப்ரில் எழுந்து நின்று தலைப்பாகையைக் கழற்றினான்.

"இன்னா லில்லாஹி" என்று, சாவுச் செய்திக்குச் சொல்வதைச் சொன்னான். "செத்தவருக்கும் தாகம் எடுக்குது. ஒரு சிரட்டை ஊத்துங்கப்பா."

கடையில் எல்லோரும் தலை குனிந்து சிரித்தார்கள். காப்பி இலைக் கசாயம் என் முன்னால் வந்தது. நான் உட்காரவில்லை.

"கார்டுல தப்பு" என்றேன்.

"கார்டுல பெரிய வீட்டு முத்திரை இருக்கே டத்துக். அதுல தப்பு வருமா?" அவன் காயை மேசையில் வைத்தான். "அப்ப பட்டத்த மடிச்சு வெச்சிட்டீங்களா, இல்ல இந்தத் தடவையாவது கீழ்வீட்டுக்குக் குடுக்கப் போறீங்களா? எங்க மூத்தவங்க கேக்கச் சொன்னாங்க."

இங்கே கதை விளையாட்டை விட்டு வெளியே வருகிறது. பெரிய வீடும் கீழ்வீடும் ஒரே குலப்பெயர் கொண்டவை. டத்துக் இறந்து வாரிசில் சண்டை வந்தால் பட்டத்தை மடித்து வைப்பார்கள். பிறகு யார் விரிப்பது என்று குலசபை கூடும். என் மாமா இறந்த நாளிலிருந்து, கீழ்வீட்டுக்காரனான ஷஃப்ரில் அதற்காகக் காத்திருக்கிறான். அவன் கையில் இப்போது எங்கள் முத்திரையோடு ஒரு தாள் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வெற்றிலை வைத்து முந்நூறு வீடுகளை அழைக்க வேண்டும். அதற்குள் சரியான தாள் கையில் வராவிட்டால் நான் ஊர் முழுக்க இறந்தவன்.

* ரஹ்மி அழுதாள். அவள்மேல் குற்றமில்லை என்று அன்றே சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

3

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் ரஹ்மியின் கணினியில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்.

(இந்தப் பகுதி இல்லாமலே கதை நடக்குமா என்று மூன்று முறை முயன்று பார்த்தேன். நடக்கவில்லை.)

குலசபைக்கு ஒன்றரைப் பக்கம். கீழ்வீட்டார் இரத்தவழி வந்தவர்கள் அல்லர், "முழங்காலுக்குக் கீழுள்ள மருமக்கள்" என்று எழுதினேன். அவர்களுடைய முன்னோர் எங்கள் வயலில் வேலைக்கு வந்து குலப்பெயரை வாங்கிக்கொண்டவர்கள் என்று பொருள். எங்கள் ஊரில் இதை வாயால் சொன்னவர்கள் உண்டு. தாளில் எழுதியவர் யாருமில்லை. எழுதினால் தலைமுறைக்கும் நிற்கும்.

அச்சுக்கு அனுப்பினேன். அச்சுப்பொறியில் தாள் இல்லை. விளக்கு மட்டும் சிமிட்டியது.

அனுப்பிய வேலையை நிறுத்த வழி உண்டு. பட்டியலில் அதைத் தொட்டால், உறுதிதானா என்று கணினி கேட்கும். "ஆம்" என்பதை அழுத்தும்போது விரல் கொஞ்சம்—

(யார் எழுதச் சொன்னது இதை? அடித்துவிடுகிறேன்.)

புதன்கிழமை ரஹ்மி தாள் நிரப்பி, "காலஞ்சென்ற" என்பதை நீக்கி, உள்தாளை அனுப்பினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். கணினியை அணைத்துப் போட்டாள். அச்சுப்பொறியின் கம்பியைப் பிடுங்கிச் செருகினாள். முந்நூறு தாள்கள் எங்கோ வரிசையில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"எல்ஃபி அக்காவக் கூப்பிடட்டுமா மாமா?" என்றாள்.

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"வேற ஆளுன்னா புக்கிட்டிங்கி டவுனுக்குப் போகணும். நாளைக்கு வியாழன். அப்புறம் உங்க இஷ்டம்."

சந்தை ஓரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் எல்ஃபினா. ஷஃப்ரிலின் அக்கா மகள்.

4

எல்ஃபினாவை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் பணிவாக எழுதினேன்; பொய்யாக இருந்தது. இரண்டாவதில் திமிராக எழுதினேன். ஷஃப்ரிலைப் போல் இருந்தது. அதனால் அவள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

வியாழன் காலை ஒன்பதுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தாள். படிக்கு வெளியே நின்றாள். என் தங்கை "ஏறி வா" என்று சொல்லும்வரை முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை. ஏறியதும் என்னைப் பார்த்து, "உடம்பு சௌக்கியமா டத்துக்?" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. நான் கணினி இருந்த அறையைக் காட்டினேன்.

கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு கிளார்க் உக்காந்திருக்கான்னு வைங்க" என்றாள். "அச்சுக்கு வர்றதெல்லாம் அவன் மேசைக்குத்தான் போகும். மேல இருக்கிற தாள முடிக்காம அடுத்தத தொட மாட்டான். யாரு வந்து சொன்னாலும் சரி."

அந்த எழுத்தரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் அந்த எழுத்தர் நிரலை நிறுத்தினாள். சில நொடியில் அது தானாகவே திரும்ப ஓடத் தொடங்கியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி வந்தது.

"கொன்னாலும் எந்திரிச்சு உக்காருது" என்றாள். "இந்த வீட்டு ராசி போல."

ரஹ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேலையப் பாரு" என்றேன்.

"பாக்குறேன் டத்துக். மேல என்ன தாள்னு பாக்குறேன்." திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. ரஹ்மியின் அழைப்பிதழ் பதினோரு முறை இருந்தது. அவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வரி.

அலுவலகத்தில் பழகிய பழக்கம்: ஒரு கோப்புக்குப் பொருள் விளங்கும்படி தலைப்பு வைக்க வேண்டும். எல்ஃபினா அதை உரக்க வாசித்தாள்.

"'கீழ்வீட்டாரின் தகுதி குறித்து.'"

5

(இங்கே ஒரு வானிலை வருணனை இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் யாரும் சன்னலைப் பார்க்கவில்லை.)

அவள் கடிதத்தைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். தலைப்பே போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

"செவ்வாக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு அனுப்பியிருக்கு" என்றாள். குரல் மாறவில்லை. "பக்கத்துல 'நீக்கப்படுகிறது'ன்னு போட்டிருக்கு. மூணே காலுக்கு யாரோ வேணாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா அதுக்குள்ள பாதி தாள் கிளார்க் கையில போயிடுச்சு. விடவும் முடியல, முடிக்கவும் முடியல. ரெண்டு நாளா நீக்கிகிட்டே இருக்கான்."

"நான் தொடல அக்கா" என்றாள் ரஹ்மி. "நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திகிட்டிருந்தேன்."

ரஹ்மி பொய் சொல்பவள் அல்லள். என் தங்கைக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது.

(இந்த இரண்டு வரிகளும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. இருக்கட்டும். நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.)

எல்ஃபினா நாற்காலியைத் திருப்பினாள்.

"யாரு நிறுத்தினது டத்துக்?"

"அத சரி பண்றதுக்கு அது தெரியணுமா?"

"தேவையில்ல."

"அப்ப பண்ணு."

அவள் திரும்பிக்கொண்டாள். "இந்தத் தடவ கொல்லக் கூடாது. கிளார்க்க வெளிய போய் நிக்கச் சொல்லணும். அவன் இல்லாதப்ப மேசையில கிடக்கிறத எல்லாம் எடுத்துடணும். அப்புறம் கூப்பிடணும். வந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காது." விசைகளைத் தட்டினாள். ஒரு பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து, உள்ளே கிடந்தவற்றைக் காலி செய்தாள். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. பட்டியல் வெறுமையாயிற்று. ரஹ்மி பெருமூச்சு விட்டாள்.

"மேச சுத்தமாச்சு" என்றாள் எல்ஃபினா. என்னைப் பார்க்கவில்லை. "கடுதாசியோட அசல் உங்க கோப்புல அப்படியேதான் இருக்கு. முதல்ல எத அனுப்ப? கடுதாசியா, கல்யாணமா?"

அச்சுப்பொறி உறுமிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று ஷஃப்ரிலின் கதையில் ஓர் அளவு வருகிறது. அவன் அங்கே இல்லை.

"கல்யாணம்" என்றேன்.

முதல் தாள் வந்தது. எடுத்துப் பார்த்தேன். டத்துக் பண்டாரோ குனிங். முன்னால் ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"கூலி எவ்வளவுன்னு சொல்லு" என்றேன்.

"கூலி வேணாம்." தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். "எங்க அம்மாவுக்கு நீங்களே வந்து வெத்தல வைங்க. ஆள் அனுப்பாதீங்க. எங்க படியில எந்த டத்துக்கும் ஏறினதில்ல."

இது கூலியைவிட எவ்வளவு பெரியது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டத்துக் தன் கையால் வெற்றிலை வைப்பது இரத்த உறவுக்கு மட்டும். வைத்துவிட்டால் கீழ்வீடு முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் என் கையாலேயே பொய்யாகிவிடும். எனக்குப் பிறகு பட்டம் அந்தப் பக்கம் போகவும் வழி திறக்கும்.

"யோசிக்கிறேன்" என்றேன்.

"யோசிங்க. ஆனா ரெண்டு நாளா யோசிக்காதீங்க, பின்னாடி வரிசை நிக்கும்."

6

முடிவுகள்.

முதல் முடிவு: ரஹ்மியின் அண்ணனிடம் வெற்றிலைப் பையைக் கொடுத்துக் கீழ்வீட்டுக்கு அனுப்புகிறேன். அழைப்பில் குறையில்லை, ஊர் பேச இடமில்லை. எல்ஃபினா வெற்றிலையை எடுத்துக்கொள்கிறாள். (எழுத்தர் வேலைக்கு இது சரியான முடிவு. எந்த அதிகாரியும் கையெழுத்திடுவார். எனக்கே பிடிக்கவில்லை.)

இரண்டாவது: நான் போகிறேன், அவளுடைய அம்மா கண்ணீரோடு வெற்றிலையை வாங்குகிறாள், இரண்டு வீடும் ஒன்றாகின்றன, ரெண்டாங் கறி வாசனை தெரு முழுக்க. (ஷஃப்ரிலின் கதையில் வேண்டிய அளவு அழுகை இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது: நான் படியேறி உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கும் மூன்றே காலுக்கும் நடுவே ஒரு மனிதர் தான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைத் திரும்ப வாசித்து, எல்ஃபினாவின் அம்மா என் தாயின் சாவுக்கு வந்து மூன்று நாள் சமையலறையில்—

(இல்லை.)

7

நடந்தது ஊருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். என் கையால் எழுதித் தர மாட்டேன். ஏறினேன் என்று எழுதினால் ஷஃப்ரில் இதையே ஆவணமாகக் குலசபையில் நீட்டுவான். ஏறவில்லை என்று எழுதினால் எல்ஃபினா வாசிப்பாள். இரண்டு பேருக்கும் நான் பயந்தவன் அல்லன். ஆனால் எழுத்து என்ன செய்யும் என்பது எனக்கு இப்போது முன்பைவிட நன்றாகத் தெரியும்.

கடிதத்தின் அசல் இன்னும் கோப்பில் இருக்கிறதா என்றும் கேட்காதீர்கள்.

நான் தருவது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த வெயில். கறுப்புச் சட்டை, தோளில் துண்டு, கையில் வெற்றிலைப் பை. எதிரே காப்பிக் கடையில் டோமினோ சத்தம் நின்றுவிட்டது. கீழ்வீட்டுக்கு ஏழு படிகள். நான் நான்காவது படியில் நிற்கிறேன். மேலே மூன்று, கீழே மூன்று. வாசலில் எல்ஃபினாவின் அம்மா கதவைப் பாதி திறந்து, யார் என்று பார்க்கிறாள்.

இங்கிருந்து நீங்கள் நடத்துங்கள். என்னை மேலே ஏற்றினாலும் சரி, கீழே இறக்கினாலும் சரி. எந்தப் பக்கம் போனாலும் முதுகு நிமிர்ந்தே போவேன். அது ஒன்றை மட்டும் உங்கள் கையில் நான் விடவில்லை.