கொல்லிடம்

மாதவனுக்கு நாக்கில் ளகரம் சுத்தமாக வரும். விரலில்தான் வராது. போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கிக்கொள்கிற ஆள் அவன். சின்ன எல் தட்டினால் ‘ல’ விழும், ‘ள’ வேண்டுமென்றால் பெரிய எல். அதற்கு இன்னொரு பொத்தானை அழுத்த அந்த மகாராஜனுக்கு அவ்வளவு சோம்பல். கல்யாணமான நாளிலிருந்து மனைவி ஆனந்தவள்ளிக்கு அவன் அனுப்பிய செய்தி ஒவ்வொன்றும் ‘வல்லி’ என்றுதான் ஆரம்பிக்கும். வல்லி, பால் வாங்கிட்டேன். வல்லி, வர லேட்டாகும்.

அவளோ ஒற்றுப் பிழைக்கே முகம் சுளிக்கிறவள். பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் கடையில் காபி குடிக்க மாட்டாள். ஆனாலும் அந்த ‘வல்லி’யை மட்டும் திட்டிக்கொண்டே ரசித்தாள். திட்டியது அவனுக்குத் தெரியும். ரசித்தது தெரியாது, அவள் சொன்னதில்லை.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். தென்னூரில் ஒரு மாடியில் பெனடிக்ட் என்பவர் நடத்திய சின்ன நிறுவனம் அது. மழை, காற்று, ஆற்றில் தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டும் மென்பொருளை ஆனந்தவள்ளி எழுதினாள். அதற்குக் கணக்குச் சொல்லும் கருவிகளை மாதவன் ஊர் ஊராகப் போய்ப் பொருத்தினான். ஆபீஸ் கம்ப்யூட்டரோ, சுவரில் மாட்டிய பெரிய திரையோ, கையிலிருக்கும் போனோ, எதில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ராப்பகலாக உழைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மீட்டர் கணக்கு யாருடைய மண்டையிலும் ஏறாது என்று, ஆற்றோர நிலையம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உருவத்தை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் ஏற ஏற, கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து என்று அந்த ஆளின்மேல் நீலம் ஏறும். கழுத்தைத் தாண்டினால் ‘தலைமுழுக’ என்று போடலாமே என்றார் பெனடிக்ட். உறவு வேண்டாம் என்று அறுத்துக்கொள்பவர்கள் சொல்லும் வார்த்தை அது என்று அவள் ஒப்பவில்லை, ‘ஆளுயரம்’ என்று வைத்தாள். உருவத்துக்கு மாதிரி மாதவன்தான். ஏணி சுமந்து சுமந்து இறங்கிப்போன வலது தோள் உட்பட அப்படியே வந்திருந்தது. முகம் மட்டும் வரையவில்லை.

ஆடி மாதம் கொள்ளிடம் ஆற்று மணலில் கம்பம் நட்டு மாதவன் ஒரு கருவியைப் பொருத்தினான். மறுநாள் காலை பெனடிக்ட் சுவர்த் திரையைக் காட்டி, இதென்ன ஆறு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டார். திரையில் ‘கொள்ளிடம்’ இருந்தது. அதன் பக்கத்திலேயே ‘கொல்லிடம்’ என்று இன்னொன்று இருந்தது.

யாருடைய விரல் வேலை என்று கேட்கவே வேண்டாம். பெனடிக்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனந்தவள்ளியும் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் கொள்ளிடத்து ஆள் வெறும் மணலில் நிற்க, கொல்லிடத்து ஆள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஆற்றிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை.

சேமித்த கணக்குகளையெல்லாம் புரட்டினாள். அப்படியொரு பெயரே எங்கும் இல்லை. கம்ப்யூட்டரில் அழித்தாள், போனில் இருந்தது. போனில் அழித்தாள், சுவர்த் திரையில் வந்து நின்றது. அடுத்த நாள் விடிந்ததும் போனைத் திறந்தபோது தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள். மற்ற ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள். இவன் முதுகைக் காட்டி நின்றான். அவள் முதுகை வரைந்ததே இல்லை.

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. மறுநாள் மென்பொருளைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு முன்னால் ஆறு, கொல்லும் இடமாக நிற்கப் போகிறது.

அன்று காலை ஸ்ரீரங்கத்து வீட்டில் இட்லித் தட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே, கருவியில் பெயரை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னாள். அதைப் பொருத்திய அன்றைக்கே திருத்திவிட்டேனே என்றான் மாதவன். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறக்கப் போவதாகப் பேச்சிருக்கிறது, இரண்டு நாள் பொறுத்துப் போகிறேனே என்றும் கேட்டுப் பார்த்தான்.

“ஒரு பெரிய எல்லு போட இத்தனை நோவா உங்களுக்கு? இன்னைக்கே போங்க. பேரைச் சரியா எழுதாம வீட்டுக்கு வராதீங்க.”

மாதவன் கோபித்துக்கொள்ளவில்லை, அவன் குணம் அப்படி. கைகழுவி, கருவிப் பையைத் தோளில் மாட்டினான்.

“சரி, எழுதிட்டே வரேன்” என்று சொல்லி பைக்கை எடுத்தான்.

ஆபீசில் மதியம்வரை அவள் தலை நிமிரவில்லை. போனில் செய்தி வந்தபோதுதான் பார்த்தாள். ‘வல்லி, பேர அழிச்சுட்டேன். இனிமேதான் எழுதணும்.’

சுவர்த் திரையைப் பார்த்தாள். கொல்லிடம் அழியவில்லை. முதுகு காட்டியவனுக்கு மார்பளவு தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து, கொள்ளிடத்திலும் நீலம் துளிர்த்தது. கணுக்கால். முக்கொம்பில் தண்ணீர் திறப்பதைக் காலையிலேயே அறிவித்திருந்தார்கள். கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். ஊருக்கே ஆற்றைக் காட்டுகிறவள் அதைக் காதில் வாங்கவில்லை. தன் பிழைதிருத்தத்திலேயே மூழ்கியிருந்துவிட்டாள்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை அதுவும் இல்லை. கொள்ளிடத்தில் முழங்கால், கொல்லிடத்தில் கழுத்து. இறங்கிய அந்த வலது தோள் அவள் கண்ணெதிரே நீலத்துக்குள் போயிற்று. பிறகு தலையும் போயிற்று. ‘ஆளுயரம்’ என்று அவளே வைத்த சொல் திரையில் வந்தது.

எப்படி ஸ்கூட்டரை எடுத்தாள், எப்படிச் சத்திரம் பஸ் நிலையத்து நெரிசலைத் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. காவிரிப் பாலத்தில் வாய்விட்டு ரங்கா ரங்கா என்று அரற்றிக்கொண்டே போனாள். நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆற்றங்கரைக்குப் போகும் வழியில்தான் வீடு. வாசலில் அவன் பைக் நின்றது.

மாதவன் நிலைப்படியில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவன் மார்பிலேயே அடித்து அடித்து அழுதாள். உடம்பு சில்லென்று இருந்தது.

“தண்ணி வந்துருச்சு. தலைமுழுகிட்டு வந்துட்டேன்” என்றான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். “பேரைச் சரியா எழுதிட்டேன்.”

இனி ஜென்மத்துக்கும் இவனை எழுத்துக்காகத் திட்டுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். சாயங்காலம், நீ உட்காரு, நான் தோசை வார்க்கிறேன் என்று அவன் அடுக்களைக்குப் போனான். எந்நாளும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். பயந்துபோன மனைவிமேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள். விளக்கேற்றிவிட்டு, நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்களே என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

கொள்ளிடம் தன் இடத்தில் சரியாக இருந்தது, இடுப்பளவு தண்ணீரோடு. பக்கத்தில் கொல்லிடமும் இருந்தது. நீலத்துக்கு அடியில் அந்த ஆள் அப்படியே நின்றான். இப்போது முதுகு தெரியவில்லை, இந்தப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்து நின்றான்.

போன் மணியடித்தது. அடுக்களையிலிருந்து வந்த செய்தி.

‘வள்ளி, தோசை ஆறுகிறது. வா.’

சிரிப்பு வந்தது முதலில். பத்தடி தூரத்திலிருந்து செய்தி அனுப்புகிறானே என்று. பிறகு மறுபடி படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ளகரம் பிசகாமல் இருந்தது. புள்ளி, ஒற்று, எல்லாம் அச்சுப்போல இருந்தன. பேரைச் சரியாக எழுதாமல் வீட்டுக்கு வராதே என்று சொன்னவள் அவள்தான். சரியாக எழுதத் தெரிந்தது எதுவோ, அது வந்திருக்கிறது.

அடுக்களையில் தோசைக் கல்லில் சுர்ரென்ற சத்தம் கேட்டது. “வள்ளி” என்று கூப்பிட்ட குரலும் மாதவன் குரல்தான்.

எழுந்து போகாமல் திரையையே பார்த்தாள். தண்ணீருக்கடியில் நின்றவனின் காலடியிலிருந்த ‘கொல்லிடம்’ மெல்ல அழிந்தது. யாரோ சின்னப் பொத்தான்களைத் தேடித் தேடித் தட்டுவதுபோல் அங்கே வேறொரு பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

வல்லி.

போனிலும் திறந்து பார்த்தாள். எதில் திறந்தாலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.