மழை நாளில் முப்பத்தாறு படங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம். அவள் பிரசவ வார்டு நர்ஸ், மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் டிரைவர். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றியே பழகியவர்கள். படம் எடுப்பது தம்பியான என் பொறுப்பு. என்னிடம் இருந்தது நானூறு ஐ.எஸ்.ஓ. வேகத்தில், முப்பத்தாறு படம் பிடிக்கிற ஒரே ஒரு கருப்பு-வெள்ளை ஃபிலிம் சுருள்.

பதிவு அலுவலகத்தில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. பதிவாளர் நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு ரெண்டு பேருக்கும் டியூட்டி என்று சொல்லி, அக்கா அவர் மேஜையையே ஜன்னலோரம் தள்ளிவிட்டாள்.

நான் ஃப்ளாஷ் கொண்டுபோகவில்லை. லென்ஸை முழுசாகத் திறந்தும், வெளிச்சம் அளக்கிற மீட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கேட்டது. அதற்குள் சிரிக்கிற முகம் கலங்கிவிடும். துணிந்து, ஃபிலிமின் வேகம் ஆயிரத்து அறுநூறு என்று மீட்டரை மாற்றி வைத்தேன். நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும் என்றது. ஃபிலிமில் விழப்போவது கால்வாசி வெளிச்சம்தான். மிச்சத்தைக் கழுவும்போது கூடுதல் நேரம் வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். பாதியில் மனசு மாற முடியாது, முழுச் சுருளும் அப்படித்தான்.

கையெழுத்துப் போடப்போன மாப்பிள்ளை, இனி எனக்கு மாமா, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சைரன் போட்டுக்கிட்டு எத்தனை சந்து திரும்பியிருக்கீங்க, இதுல என்ன பயம்?" என்றாள் அக்கா.

பதிவாளரே சிரித்துவிட்டார். முழங்கையை அலமாரியில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி, ஃபிலிமை வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவுக்குள் ஏற்றினேன். வழக்கமாகப் பத்து நிமிஷம், இன்றைக்குப் பதினைந்து. டெவலப்பரை ஊற்றி, நிமிஷத்துக்கு ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்தினேன். கதவுக்கு வெளியே கடிகாரமும் கையுமாக அக்கா.

"அவசரப்படாதே, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள், வார்டில் சொல்கிற அதே குரலில். பின்னால் மாமா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

அலசி எடுத்த ஈரச் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தேன். படம் எல்லாம் விழுந்திருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிரிண்ட் போட்டபோது மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. மாமாவின் கோட்டு இருட்டோடு இருட்டாகிவிட்டது. எத்தனை நேரம் கழுவினாலும் விழாத வெளிச்சம் வராதே. அது இரவல் கோட்டு, போகட்டும் என்றார் அவர். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிய இரண்டு முகமும் பளிச்சென்று இருந்தன.

ஒரு படத்தை அக்கா வார்டில் மாட்டியிருக்கிறாள். வலியில் இருப்பவர்கள்கூட யார் என்று கேட்கிறார்களாம். "நான்தான். பக்கத்துல என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போகிறாளாம்.