இனெஸுக்காகப் படித்த வினைச்சொற்கள்

என் அக்கா எப்சிபா பிப்ரவரி மாதம் ஸ்பெயினில் இறந்துபோனாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். அவள் மகள் இனெஸ் ஸ்பானிஷில் பேசுவாள். அக்கா அதைத் தமிழில் சொல்லிவிட்டு, நான் சொல்வதைப் பிள்ளையிடம் திருப்பிச் சொல்லுவாள். அவள் போன பிறகும் அழைப்பு வந்தது. அத்தான் ஆல்வரோ ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பார். இனெஸும் நானும் சிரிப்போம், கையசைப்போம். அதற்குமேல் என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியாது. ஒரு ஞாயிறு அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் ஒரு ஊமைச் சித்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும்? மறுநாளே நான் இணையத்தில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

"ஏட்டி, தமிழ்லயே என்ட்ட ஒழுங்கா நாலு வார்த்தை பேசமாட்ட. இதுல ஸ்பானிஷ் வேறயா?" என்றார் என் கணவர் ஜெபஸ்டின்.

ஆசிரியை புனேயில் இருந்தார். பிள்ளையோடு பேசத்தான் படிக்கிறேன் என்றதும், அப்படியானால் இதை முதலில் படியுங்கள் என்று ஒருவகை வினைச்சொற்களைக் கொடுத்தார். எழுவது, முகம் கழுவுவது, உடுத்துவது, உட்காருவது, தூங்குவது. ஒரு பிள்ளை காலையிலிருந்து தனக்குத்தானே செய்துகொள்ளும் அத்தனையும் அந்த வகைதான். வினைக்கு முன்னால் 'என்னை', 'உன்னை' என்பதுபோல ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொள்ளும். தலையைச் சீவிக்கிடு, சட்டையைப் போட்டுக்கிடு என்று நாம் சொல்கிறோமே, அந்தக் 'கிடு' மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பாதி தூரத்துக்கு அது கைகொடுத்தது. பிறகு விழுவது, பயப்படுவது, தொலைந்துபோவது, தண்ணீரில் மூழ்குவது எல்லாமே அந்த வகைக்குள் வந்தன. விழுந்துக்கிடு என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவற்றைத்தான் நான் முதலில் மனப்பாடம் செய்தேன். ஜூலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அத்தான் சொல்லியிருந்தார். விழுந்துவிடாதே, நகராதே, இங்கேயே இரு, கையை விடாதே. அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு இவற்றையே சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் வந்தபோது குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. அத்தானுக்குச் சென்னையில் ஒரு வாரம் கம்பெனி வேலை இருந்தது. அந்த வாரம் இனெஸை எங்களிடம் விட்டுப் போகும்படி கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். சாப்பிடும்போது, குளிக்கும்போது, வாசலில் அவள் விளையாடும்போதெல்லாம் அவர் கண் என்மேல் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. வளர்த்துப் பழகாதவள் என்று நினைக்கிறாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அருவியில் ஒரே நாள் குளித்ததில் அத்தானுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இனெஸ் மறுபடியும் அருவிக்குப் போகவேண்டும் என்று அழுதாள். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி மதினியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, சேக் தாவூது அண்ணாச்சி ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனோம். ஆட்டோவை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். தண்ணீர் தலையில் விழுந்ததும் இனெஸ் வாய்விட்டுச் சிரித்தாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையை விடாதே, விழுந்துவிடாதே என்று நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாச் சொல்லும் சரியாகவே வந்தது. கரையேறிப் பார்த்தால் மாற்றுத்துணிப் பை இல்லை. ஆட்டோவிலேயே விட்டிருந்தேன். பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. காய்ச்சல்கார அப்பாவிடம் காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டு நிறுத்தினால் என்ன ஆகும்?

"மதினி, இவள பிடிச்சுக்கிடுங்க" என்று அவளைத் துண்டோடு ஆனந்தவள்ளி மதினியிடம் கொடுத்துவிட்டு, போகிற அவசரத்தில் இனெஸின் கன்னத்தைத் தட்டி, "போயிட்டு வாரேன்" என்றேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயில் தமிழ்தான் வந்தது.

பையோடு திரும்பி வந்தபோது மதினி தனியாக நின்றாள். கையில் துண்டு மட்டும் இருந்தது.

"நீ அங்கன திரும்புன ஒடனே ஒரே உதறு, கிறிஸ்டி. உன் பின்னாலயே ஓடிட்டா. நான் கூப்பிட்டா அவளுக்கு என்ன வெளங்குது?"

வந்த வழியில் நான் அவளைப் பார்க்கவில்லை. ஒருவேளை அருவிப் பக்கமே திரும்பிவிட்டாளோ? தண்ணீர் விழும் சத்தம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், நான் இன்னாருடைய பிள்ளை என்று அவளால் யாரிடம் சொல்லமுடியும்? ஈரப் புடவை காலில் சுற்ற, போலீஸ் நின்ற கூண்டுக்கு ஓடினேன்.

அங்கே மைக் வைத்திருந்த பெண் போலீஸ், பெயரையும் சட்டை நிறத்தையும் கேட்டுக்கொண்டார். "பாப்பாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்ன பாஷைம்மா?"

"ஸ்பானிஷ்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. மூச்சு வாங்கிட்டுப் பேசுங்க."

"இனெஸ், சித்தி. நோ தே முயேவாஸ். கேததே அயி. நோ தே அசுஸ்தெஸ்." நகராதே, அங்கேயே இரு, பயப்படாதே. என் குரல் மரங்களுக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். போதும் என்று அவர் மைக்கை வாங்கும்வரை சொன்னேன்.

பழக்கடை வரிசையிலிருந்து ஓர் ஆள் கையை ஆட்டினார். ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே இனெஸ் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"வாட்டி, போலீஸ்ட்ட விடுதேன்னு கையப் பிடிச்சு இழுக்கேன்" என்றாள் கடைக்காரப் பெண். "நகரணுமே. மைக்குல நீங்க என்னத்தையோ சொன்னதும் நட்டுவச்ச மாதிரி நின்னுட்டா. ரெண்டு பழம் குடுத்தேன், அதையும் தொடலை. யாருக்குப் பொறந்த அழுத்தமோ."

எங்கள் அக்காவுக்குப் பிறந்த அழுத்தம்தான். நான் குனிந்து தூக்கியபோது இனெஸ் என் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டாள். ஏன் ஓடினாய் என்று கேட்டேன். அம்மாவும் அதையே சொன்னாள் என்றாள். எதை என்று கேட்டதும், என் காதுக்குள் தமிழில் "போயித்து வாரேன்" என்றாள்.

போனில் அக்காவா நானா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல்.

திரும்பும்போது ஆட்டோவில் மதினி மெதுவாகச் சொன்னாள்: "வீட்ல ஒண்ணும் மூச்சு விடாத, கிறிஸ்டி. தெரிஞ்சா அந்த மனுஷன் நாளைக்கே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாரு."

"பிள்ளைக்கு வாய் இல்லையாக்கும்?" என்றார் சேக் தாவூது அண்ணாச்சி, திரும்பிப் பார்க்காமல்.

நான் அத்தானிடம் சொன்னது அதற்காக இல்லை. அந்தச் சொல்லை என்னால் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பையை மறந்தது, விட்டுப் போனது, மைக்கில் பேசியது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் இனெஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா தன் மகளிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். அன்று முழுக்க இனெஸ் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியைவிட்டு எழவில்லையாம். "தமிழில் அதற்குக் 'குட்பை' என்றுதானே அர்த்தம்?" என்று அத்தான் கேட்டார்.

நாங்கள் வீட்டைவிட்டு இறங்கும்போது போகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை, திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்லுவோம் என்றேன். அவர் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். சென்னைக்குப் பிள்ளையையும் கொண்டுபோகப்போகிறார் என்றே நினைத்தேன். அவளுடைய சின்னப் பெட்டியை எடுத்து வைக்கவேண்டும் என்றுகூட மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அவர் இனெஸை அழைத்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். பாதிதான் எனக்கு விளங்கியது. அவள் யோசித்து, என்னைக் காட்டி நீளமாகப் பதில் சொன்னாள்.

"இங்கேயே இருக்கிறாளாம்" என்றார் அத்தான். "ஆனால் நீ அவள் கண்ணைவிட்டு எங்கேயும் போகக்கூடாதாம். குளியலறைக்குக்கூட."

மறுநாள் அவர் ரயிலேறினார். நான் வேலை பார்க்கும் தென்காசி நூலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க கிணற்றுப் பக்கம், வாசல் கேட், அடுப்பு, எல்லாமே என்னைப் பயமுறுத்தின. ஆனால் குளியலறை விஷயத்தில் மட்டும் நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தோம். நான் உள்ளே போவேன், தாழ்ப்பாள் போடமாட்டேன். அவள் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் செய்வதையெல்லாம் உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்லவேண்டும்.

"மே லாவோ லா காரா" என்பேன். முகம் கழுவிக்கொள்கிறேன்.

"சி" என்று வெளியிலிருந்து பதில் வரும். ஆமாம்.

"மே செக்கோ." துடைத்துக்கொள்கிறேன். "மே பெய்னோ." தலை சீவிக்கொள்கிறேன்.

உச்சரிப்புப் பிசகினால் அங்கிருந்தே திருத்துவாள், நான் திருப்பிச் சொல்லவேண்டும். ஒருநாள் கண்ணில் சோப்பு விழுந்து கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டேன். உடனே கதவைத் தட்டினாள்.

"சித்தி?"

"இங்கனதாம்ட்டி இருக்கேன்" என்றேன். தட்டுவது நிற்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, அடுத்து என்ன செய்துகொள்கிறேன் என்பதற்கு ஸ்பானிஷ் சொல்லைத் தேடத் தொடங்கினேன்.