வலிக்கு இறங்கிய கேட்

1971 ஐப்பசி முதல், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே இருந்த ரயில்வே கேட், கேட் கீப்பர் ராஜமாணிக்கத்தின் மனைவி செண்பகத்துக்கு இடுப்பு வலித்தபோதெல்லாம் தானாக இறங்கியது. ரயில் வருகிறதா என்று அது பார்க்கவில்லை. வலி நின்றால் ஏறிக்கொள்ளும். மேலதிகாரி ஒருவர் வந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். ஏழு மாதக் கர்ப்பிணியான செண்பகம் குடத்தைத் தூக்கியதும் கம்பம் இறங்கி அவர் தொப்பியைத் தட்டியது. பழுது ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். லாரிக்காரர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு அதற்கும் அலுத்துவிட்டார்கள்.

செண்பகம் அவர்களைவிட அலுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் மாசமானவளுக்கு வலி கண்டால் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் கூடும் என்பது கணக்கு. 1968இல் முதல் பிள்ளைக்கு, அடங்குவது போலிருந்ததால் மூன்று தடவை காய்ச்சிக் கொடுத்தார்கள். மூன்றாவது தம்ளர் ஆறுவதற்குள் வயிற்றில் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது. அந்தத் துக்கம் அவள் நெஞ்சைவிட்டுப் போகவேயில்லை. அதனால் இந்த முறை வலி கொஞ்சம் கூடினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூன்று தடவையும் நர்ஸ் ரோசம்மாள் திருப்பி அனுப்பினாள்.

"எய்ந்தா, பொரண்டா வலிக்குது, படுத்தா அடங்குது. இது எலும்பு விட்டுக் குடுக்கற வலிம்மா. படுத்துகினு இருந்தாலும் நிக்காம, வயிறு கல்லாட்டம் ஆயி, வர வர கிட்ட கிட்ட வந்தா, அப்ப ஓடியா."

கேட்டில் காத்திருந்தவர்கள் விசாரித்ததால் ராஜமாணிக்கம் இதை எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

தை மாதம் ஒரு காலை, ராஜமாணிக்கத்தின் ஷிப்டு நேரத்தில், கேட் இறங்கி ஏறியது. பத்து நிமிடத்தில் மறுபடி. பிறகு எட்டு. நாலாவது தடவையும் போய் நர்ஸ் முகத்தில் முழிக்க செண்பகத்துக்குத் தெம்பில்லை. லாரி டிரைவர் யேசுதாஸ் கீழே குதித்தான்.

"இன்னா நைனா, ரயிலயே காணோம், ஆறு நிமிசத்துல திரும்ப எறங்குது. ஒன் சம்சாரம் நடந்துகினு கீதா?"

"படுத்துகினு கீறா. சீரகம் கொதிக்க வெக்கச் சொன்னா."

"படுத்துகினா? அப்பறம் இன்னாய்யா கஷாயம்? தூக்கு அவள!"

ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அடுத்த வலிக்குள் தாண்டியாக வேண்டும். முன்னால் நின்ற பஸ் பின்வாங்கி வழிவிட, கம்பம் ஏறிய ஐந்து நிமிடத்துக்குள் செண்பகத்தை ஏற்றிக்கொண்டு லாரி கடந்துபோனது. ராஜமாணிக்கம் கேட்டை விட்டுப் போக முடியாது. கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது இறங்கியது, ஏறியது, கடைசியில் இறங்கியபடியே கிடந்தது. வெயில் ஏறியபின் மெல்ல நிமிர்ந்தது. பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்பதைக் கம்பம் சொல்லாது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தது.

"பொண்ணுய்யா! கத்தற கத்துல என் காதே போச்சி."

அதன்பின் இரண்டு வருடம் கேட் ரயிலுக்கு மட்டும் இறங்கியது. 1974இல் ரயில் இல்லாத ஒரு மத்தியானம் மறுபடி இறங்கியது. யேசுதாஸ் என்ஜினை அணைத்தான்.

"நடக்குதா, படுத்துகினு கீதா?"

"நடக்கறா."

யேசுதாஸ் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தான்.