பாதியில் மாற்றிய தட்டு

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் வரலாம், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். அதில் பேயும் கிடையாது, திருடனும் கிடையாது. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள்தான். ஆனாலும் கேட்டு முடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையை நீங்களே தேடிப் பிடித்துக்கொள்வீர்கள்.

ஒரு தையல்காரி. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு ஒரு பழக்கம். வெளியே சாப்பிடப் போனால் ஆளுக்கொன்றாக வேறு வேறு வாங்குவார்கள். பாதி சாப்பிட்டதும், பேச்சை நிறுத்தாமலே, தட்டை மாற்றிக்கொள்வார்கள். கேட்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. கை தானாகப் போகும், தானாக வரும். பதினேழு வருடமாக இப்படித்தான்.

தையல்காரிக்கு முந்திரி ஆகாது. ஏதோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சை அடைத்துவிடும். ஒருமுறை மயிரிழையில் பிழைத்தாள். அன்றிலிருந்து அவனும் முந்திரியைத் தொடுவதில்லை. இரண்டு தட்டும் முந்திரி இல்லாத தட்டுதான். அதன் ருசிகூட அவனுக்கு மறந்துபோயிற்று. அப்புறம், பேனா மாதிரி ஓர் ஊசியை டாக்டர் கொடுத்திருந்தார். ஆபத்து என்றால் தொடையில் அழுத்த வேண்டும். டேப்பும் கத்தரிக்கோலும் நூல்கண்டும் கிடக்கிற அவளுடைய பெரிய பையில் அது எப்போதும் இருக்கும்.

அவனுடைய அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஆனாள். பள்ளிக்குப் போட்டுப்போக அவளுக்கு ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. அந்தச் சந்தோஷத்துக்கு நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த உணவகத்துக்கு இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். ஊரே அந்த இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி மூட்டை மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நிற்கக் கூடாதென்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு பளபளப்பான பர்ஸும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் போன் மட்டும்தான் நுழைந்தது. ஊசியைக் காரின் முன்பெட்டியில் வைத்தாள் தையல்காரி.

"கார் கீழதானே நிக்கப்போகுது" என்றாள்.

வாசலில் சீருடைக்காரர் ஒருவர் சாவியை வாங்கி, அடையாளத்துக்கு எண் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்து, காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். பெரிய இடத்து மரியாதை என்று இவர்களும் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார்கள்.

நான்காவது மாடி. உச்சி வெயிலைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டு வந்த மாதிரி உள்ளே இருட்டு. மேசைக்கு ஒரு சின்ன விளக்கு, அதுவும் தூங்கி வழிந்தது. இந்த வெளிச்சத்தில் நூல் கோக்கச் சொன்னால் தன் விரலைத்தான் தைப்பேன் என்றாள் தையல்காரி. அங்கே எதையும் நாம் கேட்டு வாங்க முடியாது. சமையல்காரர் நினைத்ததை அனுப்புவார், எல்லோருக்கும் ஒரே பதார்த்தம்.

மெக்கானிக் பரிமாறுகிறவரை அழைத்து முந்திரி விஷயத்தைச் சொன்னான். அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து, அம்மாவுக்குத் தனியாகச் செய்வதாகவும், அந்தத் தட்டில் மட்டும் ஒரு சிவப்புக் குச்சி செருகியிருக்கும் என்றும் சொன்னார். முதல் தட்டு வந்தபோதும் கேட்டான். இரண்டாவது வந்தபோதும் கேட்டான்.

"டேய், அவர் நமக்குச் சோறு போட வந்தவர்டா. போலீஸ் விசாரணை பண்றியா?" என்றாள் அக்கா.

முதல் இரண்டும் ஒரே வாய். பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவதாகத்தான் காளான் வந்தது, மேலே வெள்ளையாகக் குழம்பு ஊற்றி, தட்டு நிறைய. குச்சி தையல்காரியின் தட்டில் சரியாக இருந்தது. அவனே பார்த்தான். நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

அக்கா தன் பள்ளிக்கூடத்துக் கதையை எடுத்தாள். மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கைகள் தம் வேலையைச் செய்துவிட்டன.

அவனுடைய கரண்டியில் ஏதோ இடறியது. எடுத்து விளக்கருகே பிடித்தான். சிவப்புக் குச்சி. இது ஏன் என்னிடம் இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தான். அப்புறம்தான் எதிரே பார்த்தான். அவன் மிச்சம் வைத்த பாதியில் மூன்று வாய் குறைந்திருந்தது.

"ஏங்க," என்றாள் அவள், மெதுவாக. "உதடு அரிக்குதுங்க."

"ஊசி எங்க?"

அவள் அந்தக் குட்டிப் பர்ஸைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

அவன் ஓடினான். மதிய நேரத்தில் லிஃப்ட் மாடிக்கு மாடி நிற்கும் என்று அவனுக்குத் தெரியாதா? படிகளில் இறங்கினான். இறங்கினான் என்ன, விழுந்தான். வாசலில் கார் இல்லை. பின்தெருவில் நிறுத்தியிருப்பதாகச் சீருடைக்காரர் சொன்னார். வில்லை சட்டைப்பையில்தான் இருந்தது, விரலுக்கு அகப்படவில்லை. பையையே கிழித்து எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்த சீருடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியை உருவிக்கொண்டு முன்னால் ஓடினார். பின்தெருவில் வரிசையாகக் கார்கள். பாதிக்கு மேல் வெள்ளை. அவனுடையதும் வெள்ளை.

மேலே அக்கா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தம்பி பெண்டாட்டியைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தையல்காரியின் மூச்சு கீச்சுக் கீச்சென்று சன்னமாகிக்கொண்டே வந்தது.

"என் கோட்டுக்கு இன்னும் ஒரு கை தைக்கல நீ," என்றாள் அக்கா, அவள் காதருகே. "பாதியில விட்டுட்டுப் போக விடமாட்டேன். இழு. மூச்ச இழு."

அவன் திரும்பி வந்தபோது மனைவியை அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. கீச்சுச் சத்தமும் நின்றிருந்தது. எத்தனையோ அடி ஆழக் குழியின்மேல் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற கை அவனுடையது. அந்தக் கைக்கு இப்போது ஊசியின் மூடி வழுக்கியது; பல்லால் கடித்துக் கழற்றினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருமாக அவள் தொடையில் அழுத்தினார்கள். டக்கென்று ஒரு சத்தம். அக்கா பத்துவரை எண்ணினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா விடாமல் மேலே எண்ணினாள். இருபதைத் தாண்டினாள். நாற்பதைத் தாண்டினாள். பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. அடுத்து இன்னொன்று. படியில் ஆம்புலன்ஸ்காரர்களின் காலடி கேட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருவருக்கும் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஒரே பானையிலிருந்து வந்த சூப். பாதி சாப்பிட்டதும் தையல்காரியின் கை தட்டை அவன் பக்கம் தள்ளியது. அவனுடைய கை நகரவில்லை. தன் தட்டின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள் அவள், கரகரத்த குரலில்.

அவனுக்குத் தெரியும். இருந்தாலும் விரல்கள் விடவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் வருவதற்குள் சூப் ஆறிப்போயிருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும். தட்டு நிறைந்திருக்கட்டும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கடைசி வாய்வரை சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்.