ஒற்றைப் புடவை ஸ்ரீமதி

“பொண்ணுக்கு எத்தன பொடவ இருக்கு?” என்று சௌந்தரம் கேட்டாள். “ஒண்ணு இருக்குங்க அத்த, அதுவே ஜாஸ்தி” என்றாள் ஸ்ரீமதி. 2004ஆம் வருஷம் ஆவணியில், சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்த பேச்சு இது. பெண் தமாஷ்காரி என்று நினைத்துச் சௌந்தரம் கேசரியைச் சாப்பிட்டு முடித்தாள். அது தமாஷ் இல்லை. ஸ்ரீமதி உடுத்தியது ஒரே புடவைதான். மடித்து வைத்தால் ஆற்று மணல் நிறம், கரை கிடையாது. ஐந்து கொசுவம் வைத்தால் மாம்பழ மஞ்சள். ஏழு வைத்தால் அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டு. முந்தானையைச் சுற்றி வந்து இடுப்பில் செருகினால் குங்குமச் சிவப்பு. பின்கழுத்தில் முடிச்சுப் போட்டால் சுடிதார், கையும் பொத்தானும் உள்பட. கல்யாணத்துக்கு எடுத்த கூறைப் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அதே புடவைதான் என்றாள். யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

கடலூர் முதுநகர் வீட்டுக்கு மகன் இளவரசு மருமகளைக் கூட்டிவந்தபோது சௌந்தரம் புருஷனை இழந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவள் கட்டியது காவியும் சாம்பலும்தான். யாரும் அப்படிக் கட்டச் சொல்லவில்லை. வேறு கட்டு என்றும் சொல்லவில்லை. 2006 பொங்கலன்று ஸ்ரீமதி சிவப்பில் வந்து நின்றபோது, சௌந்தரத்துக்கு ஒன்று கேட்கவேண்டும்போல் வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் சந்தேகம்தான்.

ஸ்ரீமதி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினம் ஏழு மணி பஸ். “இம்மாம் துணி யாரு எடுத்துக் குடுக்கறாங்க? ஒம் புள்ளைக்கு அவ்ளோ ருசி கெடையாதே” என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி கேட்ட மறுநாள், சௌந்தரம் அதே பஸ்ஸில் பின்சீட்டில் ஏறி முக்காடு போட்டுக்கொண்டாள். மருமகள் மஞ்சளில் ஏறினாள். பாதி வழியில் சீட்டு ஆணியில் மாட்டிக் கொசுவம் அவிழ்ந்தது. நெரிசலில் நின்றபடியே ஏழு கொசுவமாகத் திருப்பிச் செருகிக்கொண்டாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மஞ்சளைத் தேடித் தேடிச் சௌந்தரம் கால் வலித்துப்போய் ஊர் திரும்பினாள். சாயங்காலம் மருமகள் பச்சையில் வந்து இறங்கினாள்.

பிறகு சௌந்தரம், மருமகள் கட்டியிருக்கும்போதே, ஒவ்வொரு துணியாகப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள். சலவைக்காரர் உத்திராபதி துணி மூலையில் அழியாத சேங்கொட்டை மையால் வீட்டுக் குறி போடுவார். ஸ்ரீமதியின் மஞ்சளிலும் பச்சையிலும் சிவப்பிலும் அந்தக் குறியில் ஒரே இடத்தில் மை வழிந்து, எலிவால்போல நீண்டிருந்தது. சௌந்தரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளுக்க வரும் ஊரார் துணிகளுக்கு இந்த ஒரே குறியைப் போட்டு உத்திராபதி வாடகைக்கு விடுகிறார். மருமகள் வாங்கிக் கட்டுகிறாள். 2010 சித்திரையில், தெருக் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில், இருபது குடங்களுக்கு நடுவில் அதைச் சொன்னாள். “கண்டவ கட்டி அவுத்தத கட்டிக்கிட்டுத் திரியறா.” ஸ்ரீமதி தன் குடத்தை இறக்கி வைத்தாள். பின்கழுத்தில் முடிச்சைப் போட்டாள், சுடிதாரில் சிதம்பரம் பஸ் ஏறினாள், திரும்பவில்லை.

இளவரசு சனிக்கிழமை தவறாமல் சிதம்பரம் போனான். வீட்டில் சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. மாசிக்குள் அவள் வராவிட்டால் தானும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போவதாக 2011 கடைசியில் சொல்லிவிட்டான். அந்த வாரம் ‘தானே’ புயல் வந்து செல்லாயி வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. புயலில் சிதறிய துணிகளைப் பொறுக்கிக் கொடுக்க வந்த உத்திராபதியிடம் சௌந்தரம் முகம் கொடுக்காமலே, அந்த வாடகைத் துணியெல்லாம் பத்திரமா என்று கேட்டாள்.

“எந்த வாடகத் துணி? ஒங்க மருமவ துணின்னு எனக்கு வந்தது ஒண்ணுதாங்க அக்கா. ஞாயித்துக்கிழம வரும், பொழுதுக்குள்ள குடுத்துருவேன், அதுவரைக்கும் அந்தப் பொண்ணு நைட்டியில கெடக்கும். தெனம் ஒரு கலரா மாறுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார் அவர், வெயில் அடிக்கிறது என்பதைப்போல.

தை மாதம் சௌந்தரம் சிதம்பரம் போனாள். தப்பு என்னுதுதான், வீட்டுக்கு வாம்மா என்று பஸ்ஸில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போய்விட்டாள். ஸ்ரீமதி கதவைத் திறந்தாள். அன்று அவள் கட்டியிருந்தது சிவப்பு. உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள், தள்ளி நின்றாள்.

“சொல்லுங்க அத்த. இது யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கத்தான வந்தீங்க?”

சௌந்தரம் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் பஸ்ஸோடு போயிருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் தன் சாம்பல் முந்தானையைப் பார்த்தாள், மருமகளின் இடுப்புச் செருகலைப் பார்த்தாள். ஆறு வருஷம் தொண்டையில் கிடந்தது அதுவாகவே வெளியே வந்தது.

“இந்தச் செவப்பு… எனக்கு ஒரு வாட்டி கட்டி வுடுறியாம்மா?”